ரிப்பனின் பளபளப்பான பக்கம்

"அம்மா, இதுல எது முகம், எது முதுகு?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மகள் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த உலோக ரிப்பனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் அம்மாவின் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது, அங்கே ரிப்பன் வார்க்கும் சக்கரக்காரர் கொடுத்தது.

"ஒரு பக்கம் என் மூஞ்சி தெரியுது. இன்னொரு பக்கம் அழுக்கா இருக்கு."

"அழுக்கு இல்லடி. அது சக்கரத்துல பட்ட பக்கம். மங்கலாத்தான்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுபோயிற்று. போன மாதச் சோதனையில் தான் மேலே வைத்து ஒட்டியது எந்தப் பக்கம்?

உருகிய இரும்புக் கலவையை, வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் பீய்ச்சுவது சக்கரக்காரரின் வேலை. அணுக்கள் வரிசையில் நிற்க அவகாசம் கிடைக்காமல், நின்ற இடத்திலேயே உறைந்துபோகும். அதைத்தான் உலோகக் கண்ணாடி என்பார்கள். அந்த ரிப்பன்மேல் காமாக் கதிரைச் செலுத்தி, இரும்பின் அணுக்கரு எந்த ஆற்றலுக்கு ஒத்து அதிர்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. கலைந்து கிடக்கும் கண்ணாடி என்றால் திரையில் அகலமான மேடுகள் வரும். வரிசை கட்டிய படிகம் என்றால் ஊசி மாதிரி வரும்.

போன மாதம் ஊசிகள் வந்தன. மேல்தோலை மட்டும் பார்க்கும் சோதனை அது. சக்கரம் தொட்ட மங்கல் பக்கத்தைத்தான் மேலே வைத்து ஒட்ட வேண்டும். காற்றுப் பட்ட பளபளப்பான பக்கம் மெதுவாகக் குளிர்வதால் அதன் தோலில் எப்போதும் கொஞ்சம் படிகம் இருக்கும். மாநாட்டுக்கு அறிக்கை அனுப்பும் அவசரத்தில் அவள் அழகாய்த் தெரிந்த பக்கத்தை மேலே வைத்துவிட்டாள். வார்ப்பிலேயே கோளாறு என்று எழுதினாள். துறைத்தலைவர் சக்கரக்காரரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்.

மறுநாள் போன மாதத்துத் துண்டையே திருப்பி ஒட்டினாள். மேடுகள் மெல்ல எழுந்தன. அகலமாக, ஒன்றோடொன்று சாய்ந்தபடி. நல்ல கண்ணாடி. எல்லோரும் மெச்சிய பழைய ரிப்பன் ஒன்றை எடுத்துப் பளபளப்பான பக்கத்தையும் பார்த்தாள். அதே ஊசிகள். இனிச் சந்தேகப்பட இடமில்லை.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "யாரும் கேட்கலையே. நீங்களா ஏன் போய்த் தலையைக் கொடுக்கறீங்க?"

"இப்ப இன்னொருத்தர் தலைதானே சார் அங்க மாட்டியிருக்கு."

"அறிக்கையைத் திரும்ப வாங்கணும். முதல் பேரே உங்களுது."

"வாங்கிடறேன் சார். அவரைத் திங்கட்கிழமை சக்கரத்துக்கு அனுப்பிடுங்க."

அவர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

ஸ்டோரில் சக்கரக்காரர் கையுறைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. கையுறை வேணுமா? அத்தனையும் இடது கையா அனுப்பியிருக்கான். இங்க வலது கையால யாரும் வேலை செய்யறதில்லன்னு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, உங்க ரிப்பன்ல தப்பே இல்லை. நான்தான் பக்கம் மாத்தி ஒட்டிட்டேன். தலைவர்கிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமை நீங்க உங்க இடத்துக்கு வந்துடலாம்."

அவர் கையிலிருந்த கையுறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"கண்ணா?"

"உருகினது எந்த நிறத்துக்கு வந்திருக்குன்னு பார்த்துத்தானேம்மா நான் ஊத்தறேன். ரிப்பன் கெட்டுப்போச்சுன்னதும் பார்வைதான் போயிடுச்சுன்னு நினைச்சேன். டாக்டர் ஒண்ணுமில்லைன்னார். டாக்டரை நம்பறதா, உங்க மெஷினை நம்பறதா? பேத்தியை வண்டியில வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டேன். தாத்தாவுக்கு என்மேல கோபம்னு அது அழுவுது."

ஒரு மனிதரின் வேலையை மட்டும் பறித்ததாக நினைத்திருந்தாள். அவர் தன் கண்ணையே நம்பாதபடி செய்திருக்கிறாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"விடுங்கம்மா. வந்து சொல்லணும்னு தோணிச்சே, அது போதும். நாளைக்கே வண்டியை எடுத்துடறேன்."

அவ்வளவு லேசாக மன்னித்தது இன்னும் கனத்தது. அன்று வீட்டில் விளக்கேற்றிக் கண்மூடி நின்றாள். மன்னிப்புக் கேட்டாயிற்று, கிடைத்தும் ஆயிற்று. பாரம் ஏன் இறங்கவில்லை, கடவுளே? பதில் ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை அவர் வந்து எதைப் பார்ப்பார் என்ற நினைப்புதான் வந்தது. கேட்டவர்களுக்குக் கடவுள் சில சமயம் பதிலுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயிலில் இருந்த காவலாளியிடம் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வார்ப்பறையில் யாரும் இல்லை. சக்கரத்தின் மூடியைக் கழற்றினாள். ஆள் இல்லாத நாட்களில் செம்பு கறுத்து, திட்டுத் திட்டாய்ப் பச்சை பூத்திருந்தது. முகம் தெரியும்படி தேய்த்தெடுக்காமல் அதில் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. வந்த அன்று முழுக்க அவர் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைசானது, அப்புறம் அதைவிடவும். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் தேய்த்தாள். தோள் கடுத்தது. நகக்கண்களில் கறுப்பு ஏறியது. ஒரு இடத்தில் அவசரப்பட்டுக் கீறல் விழுந்தது. மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது செம்பு இளஞ்சிவப்பாய், ஒரு மாசு இல்லாமல் நின்றது.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தாள். பட்டறையில் கடைசல் பிடிப்பவர் செய்துவைத்தார் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். தரையில் சிந்திய தூளைக் கூட்டி அள்ளினாள். தேய்ந்த தாள்களைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூடியைப் பழையபடி பொருத்திவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.