கழலாத கோட்டுகள்

1925 அக்டோபர் பதினேழாம் தேதி, படப்பிடிப்பு முடிந்த பிறகு, வெர்பெலிட்ஸ் ஊர் ஆண்கள் நூற்றுப் பதினான்கு பேரின் உடம்பிலிருந்து சிப்பாய்க் கோட்டு கழலவில்லை. தோற்ற போரை ஜனங்கள் மறக்கட்டும் என்று பழைய பிரஷ்ய அரசரின் வெற்றிகளைப் பெர்லின் கம்பெனி ஒன்று படமாக எடுத்தது. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் அவருடைய படையாக நின்றார்கள். சாயங்காலம் ஒரு பொத்தானை அவிழ்த்தால் அடுத்தது பூட்டிக்கொண்டது. உடுப்புக்காரர்கள் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலேறினார்கள். அந்த வருஷம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது.

ஓய்வுபெற்ற மேஜர் எக்மோன்ட் ஃபான் ட்ரெப்னோ மட்டும் தன் ஒரே மகன் ஹாஸோவைப் படப்பிடிப்புக்கு அனுப்பியிருக்கவில்லை. ஆறு தலைமுறையாக உண்மையான அரசர்களுக்காக உண்மையான போர்களில் செத்த குடும்பம் அது. ஆகவே ஊரில் சாதாரண உடையில் திரிந்த ஒரே வாலிபன் ஹாஸோதான். அவன் ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான். தொந்தியின் அளவைப் பார்த்து ஜெனரல் வேஷம் கொடுக்கப்பட்ட ரொட்டிக்கடை பூல்கே, பீர்க்கடையில் அவனைக் கண்டால் விடமாட்டான்.

"என்ன சின்னய்யா, இன்னிக்கும் அம்மணமாவே வந்துட்டீங்களா?"

"உங்களுக்கு அக்குள் அரிச்சா என்ன பண்றீங்க, ஜெனரல்?"

"உத்தரவு போடுவேன். அதுவா நின்னுடும்."

வருஷங்கள் போயின. வெள்ளி வண்ணம் பூசிய அட்டைப் பொத்தான்கள் 1928-க்குள் பித்தளையாயின. பேசும் படம் வந்த வருஷத்திலிருந்து அந்த ஆண்கள் நடந்தால் எங்கிருந்தோ முரசும் கேட்டது. 1930-இல் பழுப்புச் சட்டைக் கட்சி ஊருக்குள் வந்தபோது, நீலக் கோட்டுகள் இலையுதிர்கால இலைபோல ஒரே வாரத்தில் பழுப்பாயின. கட்சிக்காரர்கள் யாருக்கும் அணிவகுப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, படப்பிடிப்பில் கொடுத்திருந்த மரத் துப்பாக்கிகள் இரும்பாயின. தபால்காரர் அதைச் செய்தியாகக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

மேஜர் இவற்றையெல்லாம் கோமாளித்தனம் என்று பொறுத்துக்கொண்டார். ஆனால் 1933 ஈஸ்டர் அன்று, தேவாலயத்தில் இருநூறு வருஷமாக ட்ரெப்னோக்கள் உட்கார்ந்த முன்வரிசை பெஞ்சில் பூல்கே உட்கார்ந்திருந்தான். பாதிரியார் அவனைத்தான் முதலில் வணங்கினார். மேஜர் ஆராதனை முடியும்வரை நின்றுகொண்டேயிருந்தார். அந்த வாரமே பெர்லினுக்குப் போய் அந்தப் படக்கம்பெனியின் உடுப்புக் கிடங்குக்குள் நுழைந்தார்.

"எந்தப் படத்துக்குங்க?" என்று கேட்டார் கிடங்குக்காரர்.

"குடும்பத்துக்கு. ஜெனரலைவிட ஒரு பட்டை கூடுதலா இருக்கணும்."

கோட்டைப் பார்த்ததும் ஹாஸோ இரண்டடி பின்னால் போனான்.

"வேணாம்ப்பா. இதப் போட்டுக்கிட்டு ஆப்பிள் பறிக்கக் கையத் தூக்க முடியாது."

"நம்ம வீட்டு ஆளு ரெண்டாவது வரிசையில உக்காந்தா, ஆப்பிள் எதுக்குடா?"

ஹாஸோ போட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு பூல்கே எழுந்து இடம் விட்டான். ஆறு வருஷம் முன்வரிசை குடும்பத்திடமே இருந்தது. மேஜருக்கு முதுகு வலிகூடக் குறைந்தது.

1939 ஆகஸ்டில் நூற்றுப் பதினைந்து கோட்டுகளும் ஒரே காலையில் சாம்பல் நிறமாயின. அணியில் சேர உத்தரவு மத்தியானம் வந்தது. வயதையோ தொந்தியையோ பார்க்கவில்லை, உடுப்பை மட்டும் பார்த்தார்கள். ஆறு தலைமுறையில் கடைசியாக மிஞ்சியவன் ஹாஸோ, அவனுக்குப் பிள்ளையில்லை. மேஜர் கிளை வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டுவந்து மகனின் முதுகில் துணியை வெட்டினார். வெட்டிய இடம் கத்தரியின் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

"விடுங்கப்பா," என்றான் ஹாஸோ. "வலிக்குது."

மேஜர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரிடம் கெஞ்சுவதென்று முடிவுசெய்து ஊர் அலுவலகத்துக்குப் போனார். ஒரே பிள்ளை, பெயரை அடித்துவிடுங்கள் என்ற வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பழகினார். குமாஸ்தா எழுந்து நின்று வணங்கிவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். சீருடை என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'ஏற்கெனவே உண்டு' என்று எழுதியிருந்தது. ஹாஸோ ஃபான் ட்ரெப்னோ முதலாவது. பூல்கே இரண்டாவது.

மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"எதாவது மாத்தணுமா, மேஜர் ஐயா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.