முனியாண்டி வளைவில் பட்டியைக் கழற்றவும்

கலஹாவிலிருந்து காலை ஐந்தரைக்குப் பேராதனைக்குப் புறப்படும் பஸ், முனியாண்டி வளைவைத் தாண்டியதும் நூற்றிருபது அடி தூரம் ஆகாயத்தில் போகும். அந்த இடத்தில் வீதி இல்லை. நாலு வருடத்துக்கு முந்திய பெருமழையில் வீதியும் அதன் கீழிருந்த தேயிலை மலையும் ஒன்றாகச் சரிந்து கீழே ஓடும் ஓயா ஆற்றுக்குள் போய்விட்டன. அது தெரியாமல் மறுநாள் பனிமூட்டத்தில் சாரதி டக்ளஸ் வழக்கம்போல ஓட்டிப் போனார். வளைவில் முனியாண்டி சாமி கல் வந்ததும் பயணிகள் இருக்கையை விட்டு அரையாக எழும்பி, ஒரு கும்பிடு போட்டு உட்காருவது அந்தப் பாதையின் பழக்கம். கும்பிடாதவர்களும் பக்கத்து ஆளின் முழங்கை இடிக்காமலிருக்க எழும்பிவிடுவார்கள். வேதக்காரரான டக்ளஸும் சிலுவை போட்டுக்கொண்டு எழும்புவார். அன்றும் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் எழும்பினார்கள், பஸ்ஸும் எழும்பியது. அக்கரையில் இறங்கிய பிறகு பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்த அனுஷியா டீச்சர்தான் ரோட்டைக் காணோம் என்றார். ஒரு கிழமைக்குள் அந்த பஸ்ஸில் இடம்பிடிக்க நாலரைக்கே கியூ நின்றது.

வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். சஞ்சீவனி போனது உயிருக்காக. கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்த அவளுக்கு இருபத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் அவளுக்கு இடம். ஏழு தாண்டினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சுற்றுவழி பஸ் போய்ச் சேர எட்டரையாகும். புது வீதிக்கு அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை.

அவர்களுக்குப் பதில் வந்தவர் இராமநாதன், கண்டியிலிருந்து, வீதிப் பாதுகாப்பு அலுவலர். உண்மையைச் சொன்னால் நல்ல மனிதர். முந்திய வருடம் பள்ளத்தில் உருண்ட ஒரு பஸ்ஸடியில் செருப்புகளைச் சோடி சேர்த்து வைத்தவர், அதிலிருந்து சரியாகத் தூங்காதவர். பஸ் பறக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதை மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தார். ஆனால் ஆசனப்பட்டிக்குப் புதுச் சட்டம் இருந்தது. எல்லா இருக்கைக்கும் பட்டி பூட்ட வேண்டும், யாரும் நின்று போகக் கூடாது, பயணம் முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது, எழும்பினால் சாரதியின் அனுமதிப்பத்திரம் போகும். கலஹா கடைத்தெருவில் பாதிப் பேர் இது அநியாயம் என்றார்கள், மீதிப் பேர் நம் நன்மைக்குத்தானே என்றார்கள். இரண்டு கட்சியும் ஒரே தேத்தண்ணீர்க் கடையில் தொண்டை கட்டும்வரை கத்தின.

அடுத்த செவ்வாய் இராமநாதனே முன் இருக்கையில் ஏறினார். எல்லோரும் பட்டி போட்டிருந்தார்கள். ஆனால் பழக்கத்தை யார் என்ன செய்வது? கல் வந்ததும் நாற்பத்திரண்டு பயணிகளும் தம்மை மறந்து எழும்பினார்கள், பட்டி இழுத்து அத்தனை பேரையும் தொம்மென்று உட்கார வைத்தது. பஸ் ஒரு சாண் உயர்ந்து விழுந்தது. டக்ளஸ் மிதித்த பிரேக்கில் முன் சில்லுகள் மண் விளிம்பில் நின்றன. மணி ஆறு இருபது.

முதலில் பட்டியைக் கழற்றியவள் சஞ்சீவனி. இராமநாதன் திரும்பி, கீழே எவ்வளவு பள்ளம் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் சார். வாரத்துக்கு ரெண்டு தரம் பாக்குறேன். இந்தப் பட்டி உங்களுக்கு உயிரக் காப்பாத்துது, எனக்கு உயிர எடுக்குது. என் உயிருக்கு நான் பொறுப்பு சார்."

டக்ளஸ் தன் அனுமதிப்பத்திரத்தை எடுத்து இராமநாதனின் மடியில் வைத்துவிட்டுப் பட்டியைக் கழற்றினார். பிறகு பஸ் முழுக்கக் கிளிக் கிளிக் என்று சத்தம். அவசரத்தில் சிலருக்குக் கொக்கி கையில் அகப்படவேயில்லை. எல்லோரும் எழும்பினார்கள். பஸ் பின்பக்கம் மூன்றடி தூக்கியது, முன்பக்கம் அசையவில்லை. உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அவரை யாரும் அதட்டவில்லை.

"நீங்களும் கொஞ்சம் எந்திரிங்க சார்," என்றாள் சஞ்சீவனி.

இராமநாதன் கண்ணை மூடிக்கொண்டு பட்டியைக் கழற்றி எழும்பினார். பஸ் அப்படியே மிதந்து போனது. பாதி வழியில் கண்ணைத் திறந்தவர் கீழே ஓயாவையும் தேயிலையையும் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டுச் சிரித்தார். சஞ்சீவனி ஆறு ஐம்பத்தைந்துக்கு மெசினில் படுத்தாள்.

வீதி உள்ள தூரம் முழுவதும் பயணிகள் பட்டி அணிந்திருந்தனர் என்று இராமநாதன் அறிக்கை எழுதினார். மேலிடத்தில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இப்போது வளைவின் இந்தப் பக்கம் 'பட்டியைக் கழற்றவும்' என்றும் அந்தப் பக்கம் 'பட்டியை அணியவும்' என்றும் மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. அக்கரையில் ஒரு பொலிஸ்காரர் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். இந்த மூன்று வருடத்தில் சஞ்சீவனிக்கு இரண்டு தரம் தண்டம் எழுதியிருக்கிறார்கள், இறங்கிய பிறகும் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்து பட்டி போட மறந்ததற்காக.