மீசைக்காரி மகன்

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை அப்பாவின் தோளில் ஊற்றிக்கொண்டிருந்தான் பாதல். முற்றத்தில் நாலு மூங்கில் நட்டுப் பழைய புடவைகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். அப்பாவின் ஆட்காட்டி விரலில் இருந்த சிவப்பு மைக்கறை சோப்புக்கும் அசையவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் செய்தித்தாளில் பிழை திருத்திய விரல். இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

“மெதுவா தம்பி. மய்யித்துக்கும் வலிக்கும்” என்றார் கூட நின்று குளிப்பாட்டிய இமாம்.

வலிக்கட்டுமே என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டான்.

மறைப்புக்கு வெளியே ஹெனா அக்கா துக்கத்துக்கு வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “சுபுஹு நேரத்துல, வாய் நிறைய கலிமா சொல்லிட்டேதான் கண்ணை மூடினாரு.”

பச்சைப் பொய். விடியற்காலையில் டாக்காவிலிருந்த டாக்டருக்குப் பாதல் போன் செய்தான். பெரிய டாக்டர், இங்கிலீஷில் பேசினால்தான் மதிப்பார் என்று நினைத்து, முப்பது வருஷமாகத் தொடாத மொழியை இழுத்துப் பிடித்து, “மை ஃபாதர் இஸ் இல் சின்ஸ் டூ டேஸ்” என்றான். கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். “ஹேஸ் பீன்” என்றார். “ஃபார்... ஃபார் டூ டேஸ்.” அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துவிட்டார். பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்த மூச்சு ஆகவில்லை.

ஜாலகாட்டி ஊரில் மொஃபிஸ் மாஸ்டரிடம், அதாவது அப்பாவிடம், இங்கிலீஷ் படிக்காத குடும்பம் இல்லை. வகுப்பில் கரும்பலகையின் வலது ஓரத்தை அவர் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். யார் தப்பாக எழுதினாலும் அந்த வாக்கியம் சிவப்புச் சாக்பீஸில் அங்கே ஏறும், கீழே பெயரோடு, ஒரு வாரத்துக்கு. கொபாத் என்ற பையன் ‘ஐ ஈட் வாட்டர்’ என்று எழுதினான். குடிப்பதற்கும் தின்பதற்கும் ஒரே சொல் வைத்திருக்கும் வங்காளியாய்ப் பிறந்தவன் தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்வான், அதில் எந்தக் குடி முழுகிவிட்டது? அன்று முதல் அவன் ‘தண்ணி தின்னி’. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினான். இப்போது படகுத்துறையில் டீக்கடை வைத்திருக்கிறான்.

பாதலின் முறை பன்னிரண்டாம் வயதில் வந்தது. அம்மா செத்து நாற்பது நாள். ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார் அப்பா. அழுதுகொண்டே ஒன்றரைப் பக்கம் எழுதினான். ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கும் வங்காள மொழியைப் பேசி வளர்ந்த பிள்ளை, அம்மாவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘ஹி’ என்றே எழுதிவிட்டான். ஒன்றரைப் பக்கமும் பலகையில் ஏறியது.

“ஏன்டா, உங்கம்மாவுக்கு மீசை இருந்துச்சா?” என்று கேட்டார், அவளோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன். அறுபது பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அதன்பின் பாதல் ‘மீசைக்காரி மகன்’. எந்த நேர்முகத் தேர்விலும் வாய் திறக்கவில்லை. படகுத்துறையில் லாஞ்சுப் படகுக்கு டிக்கெட் கிழித்தே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

கஃபன் துணி போர்த்தியதும் அக்கா அவனை அடுக்களைப் பக்கம் இழுத்துப்போனாள்.

“ஜனாஸா தொழுகையில நீதான்டா கேக்கணும். ‘எங்கப்பா யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க’ன்னு.”

“நான் கேக்க மாட்டேன்.”

“பெத்த மகன் கேக்காம வேற எவன்டா கேப்பான்?”

“என்கிட்ட யாருக்கா கேட்டாங்க?”

“செத்தவர்கிட்டயா உன் வீம்பு? மனுஷனுக்குச் செஞ்சதை மனுஷன்தான்டா மன்னிக்கணும், அல்லா கூட அதுல தலையிட மாட்டான். அப்பா அங்க மாட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“நிக்கட்டும். சிவப்பு சாக்பீஸ்ல பேரு எழுதி, ஒரு வாரம் நிக்கட்டும்.”

ஹெனா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டான்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. எல்லாம் மாஸ்டரின் மாணவர்கள். முன்வரிசையில் நின்ற பேங்க் மேனேஜர் பாதலின் தோளைத் தட்டி, “மாஸ்டர் அன்னிக்குக் குத்திக் காட்டினதாலதான் இன்னிக்கு நான் ஒரு ஆளா இருக்கேன்” என்றார். பாதல் தோளை விலக்கிக்கொண்டான்.

இமாம் கையசைத்தார். ஆயிரம் முகங்கள் அவனைப் பார்த்தன. மறுபடியும் அதே வகுப்பு.

“எங்கப்பா கலிமா சொல்லிட்டுப் போகல” என்றான். “என் இங்கிலீஷைத் திருத்திட்டுத்தான் போனாரு.”

மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. பிரியமான சிரிப்புதான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“சிரிக்காதீங்கய்யா!” என்று கத்தினான். “எங்கம்மா செத்த நாப்பதாம் நாளும் இப்படித்தான் சிரிச்சீங்க!”

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவரு இங்க யாரையாவது... நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்தியிருந்தா, மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உங்க இஷ்டம். நான் கேட்டுட்டேன்.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. “மன்னிச்சேன்.” கொபாத். அதன்பின் மைதானமே சொன்னது.

“மகனும் சொல்லணும் தம்பி” என்றார் இமாம், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“தொழுகையை ஆரம்பிங்க.”

குழியில் இறக்கியதும் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். பாதல் ஒரு பிடி போட்டான். இன்னொரு பிடி போட்டான். மூன்றாவது பிடியை அள்ளினான், கை விரியவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். விலகி நடந்தான்.

படகுத்துறை வரை யாரும் கூட வரவில்லை. கொபாத் அவனுக்கு முன்பே வந்து அடுப்பை மூட்டியிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்த பாதலுக்கு முன்னால் டீயை நீட்டினான்.

வலது கை இன்னும் மூடியே இருந்தது, விரலிடுக்கில் ஈரமண் பிதுங்கிக்கொண்டிருந்தது. பாதல் இடது கையை நீட்டினான். அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளை இடது கையை நீட்டினாலும் தட்டித் திருத்துவார்கள்.

கொபாத் அந்தக் கையைப் பார்த்தான். கிளாஸை அதிலேயே வைத்தான்.