பச்சைப் பையும் பாசி எண்ணெயும்

எங்கள் தைனான் ஆய்வுக்கூடத்தில் தலைமேல் பச்சைப் பை இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது. பைக்குள் தேங்காய் எண்ணெய் மணக்கும் சோளப் பொரி. பச்சைப் பைதான் வேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் படுத்துவிடும்; தைவானில் எங்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை. காலாவதி ஆவதற்குள் மாற்றவும் வேண்டும். அது என் பொறுப்பு. இறக்கிய பையைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. தராசு மேசையில் உட்கார்ந்து தின்றுவிடுவேன்.

ஒப்பந்தத்தில் ஆய்வு செய்துவந்த பெய்-ஷான் நுண்பாசியைக் காயவைக்காமல், ஈரத்தோடேயே எண்ணெய் எடுக்க வழி கண்டுபிடித்திருந்தாள். தலைவர் ஜியான் சாரின் பழைய முறையில் கிடைத்தது நூற்றுக்கு இருபத்துநாலு. அதைவிடக் கால்பங்கு கூடினால், அதாவது முப்பதைத் தொட்டால், அவளுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லையென்றால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்கு வந்ததோ முப்பத்தொன்று.

அறிக்கை அனுப்ப ஒரு வாரம் இருக்கும்போது, எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று மேடு மேடாகக் கோடு போட்டுக் காட்டும் தாளை நீட்டினாள்.

"ஷியு-யுன் அக்கா, இந்த மேட்டைப் பாருங்க. இந்தக் கொழுப்பு நம்ம பாசியில கிடையவே கிடையாது. தேங்காயிலதான் இருக்கும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான்டி. தராசுகிட்ட உக்காந்து தின்னேன். தூள் விழுந்திருக்கும்."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேசையைத் துடைத்து மறுபடி எண்ணெய் எடுத்து அளந்தோம். இருபத்தாறு.

"அப்பா கொய்யாத் தோப்புக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காரு" என்றாள்.

இருவரும் போய் ஜியான் சாரிடம் சொன்னோம். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"என் முறையை அளந்தப்ப?"

"அப்பவும் நான்தான் சார் தின்னேன்."

பழைய தாளைத் தேடி எடுத்து விரித்தார். அதே இடத்தில் அதே மேடு.

"அன்னிக்கே பார்த்தேன். ஏதோ அழுக்குன்னு கண்டுக்காம விட்டுட்டேன்."

அந்த இருபத்துநாலுக்குக் கிடைத்த விருது அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. பழைய முறையையும் புதிதாக அளந்தோம். பத்தொன்பது. அதில் கால்பங்கு கூட்டினாலும் இருபத்துநாலைத் தொடாது, அவளுடைய இருபத்தாறு தாராளம். ஆனால் தன் கணக்கு தப்பு என்று சார் ஊரறிய எழுத வேண்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"எழுதும்மா" என்றார் பெய்-ஷானிடம். "அந்தப் பழைய கட்டுரையில என் பேருதானே முதல்ல இருந்துச்சு? திருத்தத்துலயும் முதல்ல போடு."

மறுமாதம் புதுப் பை வைத்துவிட்டுப் பழையதோடு வாசலுக்குப் போனேன். சார் பின்னாலேயே வந்து கையை நீட்டினார்.

"இங்க நின்னு தின்னா யாருக்கும் நஷ்டமில்லையே?"

பெய்-ஷானையும் கூப்பிட்டேன்.