திரை முழுக்க லென்ஸ்காரர்

கண்ணாடிக் கடையில் பில் போடுகிற பெண்ணுக்கு வாய் ஓயவே ஓயாது. அப்பேர்ப்பட்டவளிடம், லென்ஸ் கொண்டுவந்து கொடுக்கிறவர் போன வாரம், "என்னைக் கட்டிக்கச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நாக்கு இன்னும் பிரியவில்லை. அவர் தலையைக் கண்டாலே ஸ்டாக் அறைக்குள் ஓடிவிடுகிறாள். நேற்று அவர் போகும்போது, "நாளைக்கும் பதில் இல்லைன்னா இஷ்டம் இல்லைன்னு எடுத்துக்கிறேங்க. அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார். இஷ்டம் இல்லையாமே! அந்த இஷ்டத்தில்தான் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வாய் சொல்லாததைக் கம்ப்யூட்டராவது சொல்லட்டும் என்று முடிவு கட்டினாள். பவர் இல்லாத ஃபிரேமைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குக் நிலைக்கண்ணாடியில் தங்கள் முகமே சரியாகத் தெரியாது. அதனால் அந்தக் கடையில் படமெடுத்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் திரையில் காட்டுவார்கள். ஒருநாள் லென்ஸ்காரரும் விளையாட்டாக ஒரு வட்ட ஃபிரேமை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினார். அந்தப் படம் தீப்பெட்டி அளவில் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. அதைத் திரையின் நடுவில் வைத்துவிட்டால், லென்ஸ் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க வருகிற மனுஷன் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டாரா?

கம்ப்யூட்டரோ கிழம். பின்னணிப் படத்தை மாற்றுகிற இடத்தையே காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமில் அதைத் திறந்ததும் 'பின்னணியாக வை' என்று இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஒன்று, நடுவில் ஒரே படத்தை வைக்கும். இன்னொன்று, திரை நிறையும்வரை அதையே அடுக்கும். அவசரக்குடுக்கை எதை அமுக்கியிருப்பாள்?

திரை முழுக்க லென்ஸ்காரர். மேலிருந்து கீழ்வரை, வரிசை வரிசையாக, அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மாற்றலாம் என்று மவுஸைப் பிடித்தாள். கிழம் அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது.

எதிரே புதுக் கண்ணாடிக்காகக் காத்திருந்த அம்மா, வெறுங்கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னம்மா அது, பூப்போட்ட துணியா? நல்லாருக்கே."

"ஆமாம்மா, பூதான்" என்றாள் பில் போடுகிறவள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்து, புதுக் கண்ணாடியை அந்த அம்மாவின் மூக்கில் மாட்டிவிட்டார். அதே நேரம் லென்ஸ் பெட்டியோடு அவரும் உள்ளே நுழைந்தார். அந்த அம்மா திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"பூ இல்லம்மா. இந்தத் தம்பிதான் இது."

"அப்போ பவர் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டார்.

லென்ஸ்காரர் மேஜையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தபடி நின்றார். காது மடல் சிவந்தது. பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நான் ஒரு தடவைதானே கேட்டேன்" என்றார் மெதுவாக. "அதுக்கு இத்தனை தடவையா பதில் சொல்லுவீங்க?"

ஓடுவதற்காக எழுந்தவள் ஓடவில்லை.

"ஒண்ணுதாங்க வைக்கப் பார்த்தேன், மிஷின் கேக்கல. ஆனா பதில் அதேதான்" என்றாள். பிறகு கல்யாணம் எப்போது, எங்கே, யார் யாரைக் கூப்பிடுவது என்று மூச்சுவிடாமல் பேசத் தொடங்கிவிட்டாள். பாவம் அவர், கையெழுத்து வாங்காமலே திரும்பிப் போனார்.