இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, காஞ்சிபுரம் கபரஸ்தானில் தன்வீர் தன் முதல் மகளை மண்ணில் வைத்துவிட்டு எழுந்தான். பிள்ளை கீழே போயிற்று. அவளுடைய எடை மட்டும் அவன் இடது கையிலேயே இருந்துவிட்டது. இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். குழி வெட்டியவரிடம், "பிள்ள இன்னும் கையிலயே இருக்குதுங்க" என்றான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழியைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். "இருக்கும்பா. கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் போயிடும்" என்றார். போகவில்லை.

எடை இவ்வளவுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவன் வேலையே அதுதான். வேணுகோபாலின் பட்டு நூல் கடையில் நெசவாளிகளுக்குப் பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துக் கொடுப்பான். நெய்து வந்த சேலையை நிறுத்து வாங்குவான். கடையில் மின்தராசு இருந்தது. இருந்தாலும், அதில் வைத்ததை எடுத்து ஒருமுறை அவன் இடது உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் ஐயம்பேட்டை நெசவாளிகள் நகர மாட்டார்கள். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கை சொல்லிவிடும். "மெஷினுக்குக் கரண்டு போவும், பாய்க்குப் போவாது" என்பார் வேணுகோபால். நெசவாளிகள் தங்கள் பச்சைப் பிள்ளைகளையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருந்தாலும், பாய் வாயால் எடை சொன்னால்தான் பிள்ளை தேறும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்படி ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவன், தன் பிள்ளைக்குச் சொல்ல ஒன்பது மாதம் காத்திருந்தான். மனைவி நிக்கத்தின் வயிற்றில் கையை வைத்து, இப்போது ஒன்றரை, இப்போது இரண்டு என்று கணக்குச் சொல்வான். "நான் என்ன சேலையா நெய்துக்கினு இருக்கறேன், நித்தம் நிறுக்கறதுக்கு?" என்று அவள் கையைத் தட்டிவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை விடியற்காலை தன்வீர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பிறந்த பிள்ளையின் வலது காதில் தகப்பன் சொல்ல வேண்டிய பாங்கை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாததல்ல, முதல் பிள்ளையாயிற்றே, ஒரு சொல்கூடத் தடுமாறக் கூடாது என்று நினைத்தான். நர்ஸம்மா வந்தபோது அவள் கையில் வெள்ளைத் துணிச் சுருள் இருந்தது. பிள்ளை மூச்சு விடவே இல்லை. மூச்சு விடாத பிள்ளையை யாரும் தராசில் வைக்கவில்லை. சுருளைக் கையில் வாங்கினான். மனசு எதையும் நினைப்பதற்கு முன்னால், பழக்க தோஷத்தில் கை சொல்லிவிட்டது: இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. முகத்தின் மேல் துணி மூடியிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்க ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல் அவனுக்கு எழவில்லை.

உள்ளே நிக்கத் ரத்தம் நிறையப் போய் நினைவில்லாமல் கிடந்தாள். தன்வீரின் தாய் ஃபரீதா அவன் தோளைத் தொட்டு, "அவ முழிக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயிடலாம்பா. பாத்தான்னா தாங்க மாட்டா" என்றாள். இரக்கத்தால்தான் சொன்னாள். தன்வீர் தலையை ஆட்டினான். தன் வாழ்நாளில் அவன் நிறுத்துப் பார்க்காமல் கொடுத்தது அந்த ஒரு தலையாட்டல்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் நிக்கத் கண் விழித்தாள். ஃபரீதா சொன்னதை, தான் முகத்தைப் பார்க்கவில்லை என்றதையும் சேர்த்து, முழுவதும் கேட்டாள். பிறகு தன்வீரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "யார் மாதிரி இருந்தா?" அவன் ஜன்னலைப் பார்த்தபடி, "கண்ணு மூடியிருந்தா" என்றான். துணியைத் தூக்கவில்லை என்பதையும் சொல்லவில்லை, கையில் இருப்பதையும் சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் பார்த்திருக்கிறான், அவனும் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நினைத்து நிக்கத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாலு வருடம் அவர்கள் கேஸ் சிலிண்டரைப் பற்றியும், அரிசியைப் பற்றியும், ஃபரீதாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

எடை வளர்ந்தது. மூன்றாம் மாதம் ஐந்து கிலோ ஆயிற்று. ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது எட்டைத் தாண்டியது. தன்வீர் இடது முழங்கையை மடித்தபடியே நடந்தான், மடித்தபடியே படுத்தான். கேட்டவர்களிடம் நரம்பு பிடித்திருக்கிறது என்றான். கடையில் வலது கையால் நிறுத்தான்; அதுவும் சரியாகவே சொன்னது. ஒரு டாக்டர் அவனை எடை மெஷினில் ஏற்றி, கூடுதலாக ஒன்பது கிலோ இருப்பதைத் தானே பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தெரிந்தது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வருடம் மார்கழியில் ஒரு வாரத்தில் இருநூறு கிராம் குறைந்துபோயிற்று. அந்த வாரம் தன்வீருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிவாசலில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் இருநூறும் திரும்பி வந்து, மேலே ஐம்பதும் சேர்ந்தது. அன்றைக்குக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

இருபத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில், ஐயம்பேட்டை நெசவாளி ராஜவேலு, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கடை மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்ததால், பின்னால் இருந்த தன்வீரின் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் அவர் மனைவி காவேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்யா. அந்தம்மா முன்னால போயி..." என்றாள். அது நிக்கத்தின் காதில் விழுந்துவிட்டது. வெளியே வந்தாள். "உள்ள வாங்க. அவர் கையில குடுங்க, சொல்லட்டும்" என்றாள்.

நாலு வருடமாகத் தன்வீர் எந்தப் பிள்ளையையும் வாங்கியதில்லை, யாரும் கொண்டுவந்ததுமில்லை. நிக்கத் பார்த்துக்கொண்டே நின்றதால் இரண்டு கைகளையும் நீட்டினான். ராஜவேலு பிள்ளையை வைத்தார். கை பழைய பழக்கத்தில் சொன்னதை வாய் அப்படியே சொல்லிவிட்டது: "பதினெட்டு கிலோ முந்நூத்தி அம்பது."

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன பாய், நான் பெத்தது புள்ளையா, கன்னுக்குட்டியா?" என்றார் ராஜவேலு. "காலையில ஊசி போட்ட எடத்துல மூணே கால்னு எழுதிக் குடுத்தாங்க."

"கை தப்பிடுச்சுபா."

"உன் கையாவது தப்பறதாவது. பசி மயக்கம். போயி சாப்பிடு பாய்."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நிக்கத் சோற்றுத் தட்டை எடுக்காமல் நின்றாள். "உங்க கை தப்பாது" என்றாள். "மூணே கால் போனா பதினஞ்சு கிலோ நூறு. மீதி யாருது?"

தன்வீர் எல்லாவற்றையும் சொன்னான். தலையாட்டியதைச் சொன்னான், குழியைச் சொன்னான். "முகத்துத் துணிய நான் தூக்கல, நிக்கத். யார் மாதிரின்னு எனக்குத் தெரியாது. எடை மட்டுந்தான் தெரியும்."

அவள் அவன் இடது கையைப் பார்த்தாள். "நாலு வருசம் நீங்களே வச்சுக்கினு இருந்தீங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்க."

எப்படிக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையை மாற்றுவதுபோலக் குனிந்து, தலை இருக்க வேண்டிய இடத்தை வலது கையால் தாங்கி, இடது கையை மெல்ல உருவினான். சரக்கை எடுத்த தராசுத் தட்டுபோல அவன் கை தானாக மேலே போயிற்று. அவள் கைகள் தணிந்தன. வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கின. கடைப்பக்கமிருந்து வேணுகோபால் இரண்டு தடவை கூப்பிட்டார். நிக்கத் ஒரு கையை எடுத்து, மடிக்கு மேலே வெறும் காற்றில் மெதுவாகத் தடவினாள்.

"நெத்தி உங்க அம்மாவுது" என்றாள். "முடி கொள்ளாம இருக்குது, ஒரே சிக்கு. காது என்னுது." கை அங்கேயே நின்றது. "மூக்கு உங்களுது, பாவம்."

தன்வீர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் விரல் காட்டிய இடத்தில் வாயை வைத்து, நாலு வருடம் பாக்கி நின்ற பாங்கைச் சொன்னான். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. "மெதுவா," என்றாள் நிக்கத், "தூங்கறா."

ருக்ஸானா என்று பெயர் வைத்தார்கள். வாரத்தில் நாலு நாள் நிக்கத்தும் மூன்று நாள் தன்வீரும் வைத்துக்கொண்டார்கள். ஃபரீதா, "எனக்கும் ஒரு தரம் குடும்மா" என்று கேட்டாள். நிக்கத்துக்கு அதற்கு மனம் வர ஆறு மாதம் ஆயிற்று. கொடுத்தபோது தானே அவள் முழங்கையை மடித்துவிட்டாள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிள்ளைக்கு இடம் விடுகிறார்கள்.

இந்த வருடம் பள்ளிக்கூடங்கள் திறந்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு எடை இறங்கிப்போயிற்று. இருவரும் அன்று முழுவதும் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலே காலுக்குத் திரும்பி வந்தது. நூறு கிராம் குறைந்திருந்தது. "மத்தியானம் சரியா சாப்பிடல" என்றாள் நிக்கத். அன்றிலிருந்து, ஞாயிறும் லீவு நாளும் தவிர, நாலு மணிக்கு இருவரில் ஒருவர் வாசலில் வந்து கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். தெருவில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.