ஓரக் குறிப்பு

நாற்பத்திரண்டு வயதில் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனதற்குக் காரணம் படிப்பு ஆசை இல்லை, ஆத்திரம்.

டீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ரசாயன ஆலையில் பதினேழு வருஷமாக நான் ஆபரேட்டர். இரண்டாவது குளிர்விப்பான் வெயில் நாட்களில் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடித்தது நான். கல்லூரி முடித்து வந்து ஆறு மாதமே ஆன டொமினிக் என்ற இன்ஜினியரிடம் அதைச் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மறு மாதம் பதினோரு பக்க அறிக்கை வந்தது, அட்டையில் அவன் பெயர் மட்டும். ஆலை அவனுக்குப் பரிசு கொடுத்தது. விருந்தில் என் தட்டில் கேக் வைத்தவனும் அவனேதான்.

மேலாளரிடம் போய், என்னை இன்ஜினியர் ஆக்குவீர்களா என்று கேட்டேன். பட்டம் இருந்தால் நாளைக்கே என்றார். பதினாறு வயதில் பள்ளியை விட்டவளுக்குப் பட்டப்படிப்பில் நேரடியாக இடம் தரமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்காக அடிப்படை ஆண்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆய்வகம். கெமிக்கல் இன்ஜினியரிங்கின் முதலாண்டுக்குள் போக, ஒவ்வொரு பாடத்திலும் அறுபது வேண்டும். நான் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். பதினைந்து வருஷமாக என்னோடு ஷிப்ட் மாற்றும் கிளைவ் பைபஸ், எல்லாரிடமும் வசூல் பண்ணி எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கித் தந்தான். “திரும்பி வந்து எங்களையே அதட்டப் போற, இல்லம்மா?” என்றான். “உன்னைத்தான் முதல்ல” என்றேன்.

கணிதம் என்னை உரித்து எடுத்தது. ஆய்வகத்துக்குள் போனால் மட்டும் நான் ராணி. குழாயில் தண்ணீர் ஓடவிட்டு அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது எனக்குப் பாடமா என்ன? அதற்குத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

ஆய்வகத்தில் என் ஜோடி கோர்ட்னி. பத்தொன்பது வயது, கணினிப் படிப்புக்குப் போக வந்தவள். மாலையில் மீன் வறுவல் கடையில் வேலை. காலை வகுப்பில் அவள் தலைமுடியிலிருந்து எண்ணெய் வாசம் வரும். சூட்டிகையான பெண், ஆனால் எப்போதும் தூக்கக் கலக்கம். இரண்டாவது சோதனையை நாங்கள் சேர்ந்தே செய்தோம். அளவுகளைப் பகிரலாம், ரிப்போர்ட்டை மட்டும் அவரவர் தனியே எழுத வேண்டும் என்பது விதி. சோதனைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அதே கையேட்டின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. எங்கிருந்து எடுத்தார்களோ, அழிக்க மறந்துவிட்டார்கள். அன்றைக்கு அதைப் பார்த்து நானும் கோர்ட்னியும் சிரித்தோம்.

ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், உணவகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சிப்ஸ் தட்டைத் தொடவேயில்லை. அம்மா படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். மூன்று நாளாக ஒரு வரிகூட எழுதவில்லையாம்.

“உங்களோடத ஒரு தடவ பார்த்துக்கட்டுமா லோர்னா? எப்படி எழுதணும்னு மட்டும்.”

“இதுக்குப் போயி அழுவாங்களா, கண்ணு” என்று சொல்லி, அங்கேயே அனுப்பிவிட்டேன்.

யோசிக்கவேயில்லை. யோசிக்க அதில் என்ன இருந்தது? ஆலையில் ஷிப்ட் மாறும்போது, முன்னவர் எழுதிய தாளை அடுத்தவர் வாங்கி, அதன் மேல்தான் தன் வேலையை எழுதுவார். கிளைவ் எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன், நான் எழுதியதை அவன். அவன் எண்களோடு நிற்கமாட்டான். ‘மூணாவது பம்ப் முனகுது, கண் வை’, ‘மேல் வால்வு அடம் பிடிக்குது, பொறுமையாத் திருப்பு’ என்று தாளின் ஓரமெல்லாம் கிறுக்கி வைப்பான். அந்த ஓரக் குறிப்புகளால் இரண்டு தடவையாவது என் கை வெந்துபோகாமல் தப்பியிருக்கிறது. தெரிந்ததை அடுத்தவரிடம் கொடுக்காமல் வீட்டுக்குப் போகிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கூட்டாக எழுதியதாகச் சந்தேகம், விசாரணைக்கு வரவும்.

மாணவர் சங்கத்தில் ஆலோசனை சொல்ல ஒருவர் இருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், நூலகத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு எங்கேயாவது எழுந்து போனீர்களா என்று. போயிருந்தால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்றார். அப்படியானால் அவளுக்கு என்று கேட்டேன். பூஜ்யம் விழும், வெளியே போக வேண்டியிருக்கும் என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருத்தியின் பெண்ணைத் திருடி ஆக்கிவிட்டு நான் இன்ஜினியர் ஆவதா? அதற்கு டொமினிக்கே தேவலை. அதோடு, இன்னொன்றையும் நம்பினேன். உள்ளதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும் என்று நம்பினேன். முட்டாள்தனம்.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் டாக்டர் ஹாலம், நரைத்த தாடி, சாந்தமான குரல். இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்.

“ரெண்டுலயும் ஒரு வரி இருக்கு. ‘மூன்றாவது அழுத்தமானியின் முள் சிக்கிக்கொள்வதால் விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு அளவெடுத்தேன்.’ யாரு தட்டினது?”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆலையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தட்டுவோம். பாவிப்பெண் அதைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறாள்.

“நான்தான் தட்டினேன். எழுதினதும் நான்தான். கேட்டா, குடுத்தேன்.”

“விதி தெரியுமில்லையா?”

“தெரியும். ஆனா எங்க ஆலையில எழுதினது எழுதினவங்களுக்குச் சொந்தம் இல்லைங்க. அடுத்து வர்ற ஆளுக்குச் சொந்தம். பதினேழு வருஷமா அப்படித்தான் பண்றோம்.”

பெருமையோடுதான் சொன்னேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார். முடிவுக் கடிதத்தில் அது என்னவாக வந்தது தெரியுமா? ‘இவ்வாறு செய்வது தனது நீண்டநாள் வழக்கம் என மாணவி ஒப்புக்கொண்டார்.’

கிளம்பும்போது கையேட்டின் அடியில் இருந்த அந்த வேற்றுப் பெயரை எடுத்துக் காட்டினேன். டாக்டர் ஹாலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வேறு விஷயம் என்றார்.

கோர்ட்னியும் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். அதனால் இருவருக்கும் ஒரே தண்டனை, அந்த ரிப்போர்ட்டுக்கு நாற்பதுக்கு மேல் கிடையாது. சமமான நீதி. கணினிப் படிப்புக்குப் போக நாற்பதே போதும், அவள் போய்விட்டாள். ஆய்வகப் பாடத்துக்கு மொத்தமே இரண்டு ரிப்போர்ட்டுதான். எனக்கு முதலாவதில் எழுபத்திரண்டு, இதில் நாற்பது, சராசரி ஐம்பத்தாறு. திரும்ப எழுதினாலும் அதே நாற்பதுதான். அடிப்படை ஆண்டு ஒருவருக்கு ஒரு முறைதான் என்பதால் முதலிலிருந்து படிக்கவும் வழியில்லை. சுற்றுச்சூழல் மேலாண்மையில் இடம் தருகிறோம் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஆலையில் யாரும் இன்ஜினியர் ஆக முடியாது. கணிதத்தில் அறுபத்துமூன்று வாங்கியிருந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் கோர்ட்னியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘நீங்க இல்லன்னா நான் இங்க இல்ல லோர்னா.’ அவள் சொன்னது சரிதான். அவள் இல்லையென்றால் நான் அங்கே இருந்திருப்பேன்.

ஆலை என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டது டொமினிக். இப்போது அவன்தான் மேலாளர்.

முதல் நாள் மதியம் இரண்டு மணி ஷிப்ட். கட்டுப்பாட்டு அறையில் கிளைவ் கோட்டு மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். படிப்பு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷன். தாளை நீட்டினான். பதினான்கு அளவுகள், ஓரத்தில் வழக்கம்போலக் கிறுக்கல். நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பேனாவை எடுத்தேன். கை நகரவில்லை. வேறொருவர் எழுதியதன் கீழே என் பெயரா என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று இழுத்தது.

“ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்” என்றேன்.

வெளியே மழை. பதினான்கு மானிகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். சிக்கியவற்றைத் தட்டினேன், வெறும் தாளில் என் கைப்பட எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது, நான் கையெழுத்துப் போடாமல் கிளம்ப முடியாததால், கிளைவ் கோட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் தாளில் தண்ணீர் சொட்டியது. பதினான்கும் அவன் எழுதியபடியே இருந்தன.

“எல்லாம் சரியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டான்.

“இருந்துச்சு.”

அவன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் போய், பழைய பழக்கம் விட்டுப்போச்சு, மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். அதனால் என்ன, நல்லதுதானே என்றான். அதற்குப் பிறகு பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிறேன். வருஷம் ஒன்றாகிறது. தினமும் இரண்டு மணிக்கு அவன் எனக்குத் தாளைத் தருகிறான். பதினான்கு எண்கள், சுத்தமான கையெழுத்து. ஓரத்தில் ஒன்றும் எழுதுவதில்லை.